தெரியாக்கி மீன்: எனக்குச் செய்யத் தெரியவில்லையா, பாகு சதி செய்கிறதா?

நள்ளிரவுப்பசி — வெள்ளி, இரவு 11:20

தெரியாக்கி என்ற ஜப்பானிய மீன் சமையலை இரண்டு முறை செய்தேன், இரண்டு முறையும் குப்பைக்கூடைக்குத்தான் போயிற்று. அதனால் வெட்கத்தை விட்டு இங்கே கேட்கிறேன்.

தோலோடு இரண்டு சால்மன் துண்டுகள். சோயா சாஸ், மிரின் (சமையலுக்கான இனிப்பு அரிசி மது), சர்க்கரை, கொஞ்சம் தேன் எல்லாம் கலந்து மீனை ஒரு மணி நேரம் ஊறவைத்தேன். நான்ஸ்டிக் வாணலியை நன்றாகக் காயவிட்டு எண்ணெய் ஊற்றி, ஊறிய மீனை அப்படியே எடுத்துப் போட்டேன். ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது, ஒரே புகை. திருப்பிப் பார்த்தால் அடிப்பக்கம் கன்னங்கரேல், உள்ளே பச்சை. சரி, வேகட்டும் என்று மீதிச் சாற்றையும் ஊற்றினேன். அது தார் மாதிரி இறுகிவிட்டது. வாயில் வைத்தால் கசப்பு.

இரண்டாம் முறை பயந்துபோய்ச் சிறுதீயில் வைத்தேன். மீன் சிவக்கவே இல்லை. சாற்றிலேயே கிடந்து அவிந்து உடைந்தது, பாகு கடைசிவரை தண்ணீராகவே நின்றது.

படங்களில் கண்ணாடி மாதிரி மின்னுகிறதே, அது எப்படி வருகிறது? அதற்கென்று தனியாக ஏதாவது சேர்க்கிறார்களா?

உப்புக்கல் — வெள்ளி, இரவு 11:48

தம்பி, தனியாக ஒன்றும் சேர்ப்பதில்லை. நீங்கள் இரண்டு வேலையை ஒரே வேலையாகச் செய்யப் பார்க்கிறீர்கள், அதுதான் சிக்கல். மீனைச் சிவக்க வைப்பது ஒரு வேலை. பாகு காய்ச்சுவது வேறு வேலை. முதலாவதற்கு நல்ல சூடும் ஈரமில்லாத மீனும் வேண்டும். இரண்டாவது நடக்கும்போது பக்கத்திலேயே நிற்க வேண்டும், தீயைக் கைக்குள் வைத்திருக்க வேண்டும். ஊறவைத்த மீனைக் காய்ந்த வாணலியில் போட்டால் மீன் வேகும் முன்னே சர்க்கரை கருகும். அது கருகக் கூடாது என்று தீயைக் குறைத்தால் மீன் அவியும். உங்களுக்கு நடந்த இரண்டும் ஒரே தப்பின் இரண்டு முகங்கள்.

பதில் சொல்வதற்கு முன் மூன்று கேள்வி. எந்த மாதிரி சோயா சாஸ்? மிரின் பாட்டிலில் ஆல்கஹால் எத்தனை சதவீதம் என்று போட்டிருக்கிறது? மீனைத் துடைத்தீர்களா?

நள்ளிரவுப்பசி — சனி, காலை 8:05

தம்பி இல்லை அக்கா, தங்கை!

சோயா சாஸ்: நிறம் நன்றாக வரட்டும் என்று 'டார்க்' என்று எழுதியதை வாங்கினேன். மிரின்: 1 சதவீதத்துக்கும் குறைவு என்று போட்டிருக்கிறது. பொருள் பட்டியலில் முதலில் இருப்பதே குளுக்கோஸ் சிரப். துடைப்பதா? துடைத்தால் ஊறவைத்த ருசி போய்விடாதா?

உப்புக்கல் — சனி, காலை 8:31

சரி தங்கச்சி, கேஸ் முடிந்தது. குற்றவாளிகள் நான்கு பேர்.

சீனச் சமையலுக்கான டார்க் சோயா சாஸ் வேறு, ஜப்பானிய சோயா சாஸ் வேறு. அந்த டார்க்கில் பெரும்பாலும் கேரமலோ வெல்லப்பாகோ ஏற்கெனவே சேர்த்திருப்பார்கள். உங்கள் மிரினும் பாதி சர்க்கரைப் பாகு. அதன்மேல் சர்க்கரை. அதற்கும் மேல் தேன். ஒரு துண்டு மீனைச் சுற்றி நான்கு இனிப்பு, அடியில் புகைகிற வாணலி. கருகாமல் என்ன செய்யும்?

ஒசாகாவில்_ஒருவன் — சனி, காலை 9:10

பெயரிலேயே செய்முறை இருக்கிறது. 'தெரி' என்றால் பளபளப்பு, மினுமினுப்பு. 'யாக்கி' என்றால் சுட்டது, வாட்டியது. தெரியாக்கி ஒரு சாஸின் பெயராக இருந்ததில்லை. பளபளக்கும்படி சுடும் முறைக்குத்தான் அந்தப் பெயர். கடையில் பாட்டிலில் வருவதைப் பார்த்துப் பலரும் அதைச் சாஸ் என்றே நினைத்துவிட்டார்கள்.

தணலில் வாட்டிச் செய்வதுதான் முறையான வழி. மீனை முதலில் எதுவும் பூசாமல் முக்கால் பங்குக்கு மேல் சுட்டுவிட்டு, அப்புறம் 'தாரே' எனப்படும் சாற்றைத் தூரிகையால் பூசி, காயவிட்டு, மறுபடி பூசி, மூன்று நான்கு தடவை அடுக்கடுக்காக ஏற்றுவார்கள். வீட்டில் வாணலியில் செய்வதற்கு 'நாபெதெரி' என்றே ஒரு சொல் உண்டு. நாபெ என்றால் பாத்திரம். இங்கேயும் வரிசை மாறாது: முதலில் மீன், கடைசியில் சாறு.

இங்கே இதற்கு முதல் மரியாதை சால்மனுக்கு இல்லை. 'புரி' என்று ஒரு மீன், புரிகிறதா? மஞ்சள்வால் வகை. குளிர்காலத்தில் கொழுப்பேறியதைக் 'கான்புரி' என்பார்கள். தொயாமா விரிகுடாவின் ஹிமி துறைமுகத்தில் இறங்குவதற்குப் பெரிய பெயர். வளர வளர இந்த மீனுக்குப் பெயர் மாறிக்கொண்டே போகும். தோக்கியோ பக்கம் வகாஷி, இனாதா, வராசா, கடைசியில் புரி. எங்கள் ஒசாகா பக்கம் த்சுபாசு, ஹமாச்சி, மெஜிரோ, அப்புறம் அதே புரி. பதவி உயர்வு பெறும் மீன் என்று சொல்லி இதை மங்கலமாக நினைப்பார்கள். என் அலுவலகத்தில் பத்து வருடமாக ஒரே பதவியில் இருப்பவன் நான், மீனைப் பார்த்துப் பொறாமைப்படுகிறேன்.

நள்ளிரவுப்பசி — சனி, காலை 9:42

ஒசாகா அண்ணா, அழகாகச் சொன்னீர்கள். எனக்குப் புரி கிடைக்காது, சால்மனும் கானாங்கெளுத்தியும்தான். அளவு சொல்லுங்களேன்.

உப்புக்கல் — சனி, காலை 10:15

கையளவுள்ள இரண்டு துண்டு மீன், ஒவ்வொன்றும் நூறு கிராம் பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சோயா சாஸ் 2 மேசைக்கரண்டி, மிரின் 2, சாகே (ஜப்பானிய அரிசி மது) 2, சர்க்கரை அரையிலிருந்து 1. மேசைக்கரண்டி என்றால் 15 மில்லி. எல்லாவற்றையும் ஒரு கிண்ணத்தில் முதலிலேயே கலந்து, சர்க்கரை கரைந்துவிட்டதா என்று பார்த்து, அடுப்புக்குப் பக்கத்தில் வையுங்கள். மீன் வாணலியில் கிடக்கும்போது பாட்டில் மூடியைத் திருகிக்கொண்டு நிற்கக் கூடாது.

மீனுக்கு இரண்டு பக்கமும் லேசாக உப்புத் தூவிப் பதினைந்து நிமிடம் விடுங்கள். மேலே முத்து முத்தாகத் தண்ணீர் கோத்து நிற்கும். கவுச்சி வாடையில் பெரும்பங்கு அந்தத் தண்ணீரில்தான் இருக்கிறது. கிச்சன் டவலால் ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள். அப்புறம் உருளைக்கிழங்கு ஸ்டார்ச்சோ மைதாவோ மெல்லிசாகத் தூவி, அதிகப்படியைத் தட்டிவிடுங்கள். மாவு போட்டது கண்ணுக்குத் தெரியக் கூடாது, விரலுக்கு மட்டும் தெரிய வேண்டும்.

மிதமான தீ. ஒரு மேசைக்கரண்டி எண்ணெய். தட்டில் எந்தப் பக்கம் மேலே இருக்கப் போகிறதோ அந்தப் பக்கத்தை முதலில் வாணலியில் வையுங்கள், அதுதான் அழகாகச் சிவக்கும். தோல் மொறுமொறுப்பாக வேண்டுமென்றால் தோல் பக்கம் முதலில், தட்டைக்கரண்டியால் முதல் அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். இல்லாவிட்டால் தோல் சுருண்டு மீன் வில்லாக வளையும். மூன்று நான்கு நிமிடம் கைவைக்காதீர்கள். திருப்பி இன்னும் இரண்டு நிமிடம்.

இப்போதுதான் எல்லோரும் தாண்டிப்போகிற இடம். வாணலியில் நிற்கிற எண்ணெயை, மீன் விட்ட கொழுப்பையும் சேர்த்து, மடித்த டவலால் துடைத்தெடுங்கள். எண்ணெய் இருந்தால் பாகு மீனில் பிடிக்காமல் வழுக்கும். பளபளப்புக்குப் பதில் பிசுபிசுப்புத்தான் கிடைக்கும்.

துடைத்தபின் தீயைக் குறைத்துச் சாற்றை ஊற்றுங்கள். முதலில் சின்னச் சின்ன நுரையாகச் சலசலவென்று கொதிக்கும். ஒரு நிமிடம், ஒன்றரை நிமிடத்தில் குமிழிகள் பெரிதாகி, சோம்பலாக எழும்பி உடையும். சத்தமும் மாறும். வாணலியைச் சாய்த்துக் கரண்டியால் பாகை அள்ளி மீன்மேல் விட்டுக்கொண்டே இருங்கள். கரண்டியால் கோடிழுத்தால் அடி ஒரு கணம் தெரிந்து மூடிக்கொள்ள வேண்டும். பாகு காய்ச்சுபவர்கள் சொல்கிற கம்பிப் பதத்துக்குக் கொஞ்சம் முன்னாலேயே நிறுத்துங்கள். தட்டுக்குப் போகும் வழியிலேயே இன்னும் இறுகும்.

ஆய்வுக்கூடம் — சனி, காலை 11:03

உப்புக்கல் அக்கா சொன்ன குமிழிக்குக் காரணம் சொல்கிறேன், அப்போது மறக்காது.

சாற்றில் தண்ணீர் நிறைய இருக்கிறவரை அதன் சூடு 100 டிகிரியை ஒட்டியே நிற்கும், தீயைக் கூட்டினாலும் தண்ணீர் ஆவியாகும் வேகம்தான் கூடும். தண்ணீர் தீரத் தீரச் சர்க்கரையின் செறிவு ஏறி, கொதிநிலையும் ஏறும். சாறு கெட்டியாவதால் குமிழி உடைய நேரம் எடுக்கும், அதனால் பெரிதாகத் தெரியும். அந்தப் பெரிய குமிழிக்கு அப்புறம் சூடு தடுப்பில்லாமல் மேலே போகும். அங்கேயிருந்து கருகல் வரை போக அரை நிமிடம் போதும். தங்கையின் முதல் முயற்சியில் மீன்மேல் ஒட்டியிருந்தது ஒரு மெல்லிய படலம். அதிலிருந்த தண்ணீர் சில நொடியில் தீர்ந்திருக்கும், காய்ந்த வாணலியின் சூட்டில் சர்க்கரை நேராக எரிந்திருக்கும்.

எல்லா இனிப்பும் ஒரே மாதிரி நடந்துகொள்வதுமில்லை. தேனில் ஃபிரக்டோஸ் அதிகம். அது 110 டிகிரிப் பக்கமே கேரமலாகத் தொடங்கும். சாதாரணச் சர்க்கரை 160 டிகிரியைத் தாண்ட வேண்டும். தேன் போட்டால் பாகு சீக்கிரம் கறுப்பதற்கு இதுவே காரணம். அது போக, சோயா சாஸில் அமினோ அமிலங்கள் ஏராளம். சர்க்கரையோடு சேர்ந்து அவை பழுப்பாக மாறும் மெய்லார்டு வினையும் கூடவே ஓடுகிறது. அந்த வாசனைக்காகத்தான் நாம் இதையெல்லாம் செய்கிறோம், அளவு மீறினால் அதுவே கசப்பு.

மீனுக்கும் சோயாவுக்கும் ஏன் இவ்வளவு பொருத்தம் என்பதற்கும் ஒரு கதை உண்டு. ஜப்பானிய வேதியியலாளர் இக்கெதா கிகுனாயே 1908இல் 'கொம்பு' என்னும் கடற்பாசியிலிருந்து குளுட்டமேட் என்ற சுவைப்பொருளைப் பிரித்து, அந்தச் சுவைக்கு உமாமி என்று பெயர் வைத்தார். 1913இல் அவருடைய மாணவர் கொதாமா ஷிந்தாரோ, காய்ந்த கட்சுவோ மீனின் சுவைக்கு இனோசினேட் என்ற வேறொரு பொருள் காரணம் என்று கண்டுபிடித்தார். இவை இரண்டும் சேரும்போது சுவை கூட்டல் கணக்காக இல்லாமல் பெருக்கலாக ஏறும் என்பதைப் பிற்பாடு குனினாகா அகிரா காட்டினார். சோயா சாஸில் குளுட்டமேட், மீனில் இனோசினேட். வாணலியில் நடப்பது அந்தப் பெருக்கல்தான்.

குறைகூறி — சனி, மதியம் 1:20

எல்லாம் சரி. ஆனால் பூண்டு எங்கே? இஞ்சி எங்கே? கார்ன்ஃப்ளார் கரைத்து ஊற்றினால் ஒரு நிமிடத்தில் பளபளவென்று கெட்டியாகிவிடும். குமிழியை உற்றுப் பார்த்துக்கொண்டு தவம் செய்ய வேண்டாம். நான் பத்து வருடமாக அப்படித்தான் செய்கிறேன், அன்னாசிச் சாறும் சேர்ப்பேன். யாரும் தட்டில் மிச்சம் வைத்ததில்லை.

ஒசாகாவில்_ஒருவன் — சனி, மதியம் 1:55

குறைகூறி சார், நீங்கள் சொல்வதும் தெரியாக்கிதான், ஆனால் கடல் தாண்டிய கிளை. ஹவாய்க்குக் குடியேறிய ஜப்பானியர்கள் அங்கே கிடைத்த அன்னாசியையும் பழுப்புச் சர்க்கரையையும் சேர்த்துக்கொண்டார்கள். அமெரிக்க நிலப்பரப்பில் சியாட்டில் நகரத்துக்கென்றே ஒரு தெரியாக்கி மரபு உண்டு. தொஷி கசஹாரா 1976இல் அங்கே திறந்த கடையிலிருந்து அது பரவியது. அங்கே கோழிதான் நாயகன். ஜப்பானுக்குள்ளேயும் அந்தச் சொல் மீனை விட்டு நகர்ந்திருக்கிறது. மோஸ் பர்கர் 1973லேயே தெரியாக்கி பர்கர் கொண்டுவந்துவிட்டது.

ஆனால் இங்கே வீட்டில் புரிக்குப் பூண்டு போடுவது வழக்கமில்லை. நல்ல மீனாக இருந்தால் பூண்டு அதன் வாயை அடைத்துவிடும் என்பது என் கருத்து. இஞ்சி சிலர் துருவிப் பிழிந்து சாறு மட்டும் விடுவார்கள். அது நன்றாகவே இருக்கும்.

உப்புக்கல் — சனி, மதியம் 2:10

> கார்ன்ஃப்ளார் கரைத்து ஊற்றினால் ஒரு நிமிடத்தில் பளபளவென்று கெட்டியாகிவிடும்

கெட்டியாகும், மறுக்கவில்லை. ஆனால் சுவை செறியாது. சுண்டக் காய்ச்சிய பாகில் தண்ணீர் போய் ருசி நிற்கிறது. மாவுக்கரைசலில் தண்ணீர் அப்படியே நிற்கிறது, கூழாக மாறி நம்மை ஏமாற்றுகிறது. ஆறினால் மேலே ஆடை கட்டும். நான் மாவை மீன்மேல் தூவச் சொன்னேனே, அது வேறு. அந்த மெல்லிய படலம் மீனின் சாற்றைப் பிடித்து வைக்கும், பாகு பற்றிக்கொள்ளச் சொரசொரப்பும் கொடுக்கும்.

குறைகூறி — சனி, மதியம் 2:14

ஆக, மாவு நீங்கள் போட்டால் கலை, நான் போட்டால் ஏமாற்று. குறித்துக்கொண்டேன்.

இலைமறை — சனி, மாலை 5:30

எங்கள் வீட்டில் மது சேர்த்துச் சமைப்பதில்லை. மிரினும் சாகேயும் இல்லாமல் இந்தப் பளபளப்பு வருமா, அல்லது ஆசையை விட்டுவிட வேண்டியதுதானா?

ஆய்வுக்கூடம் — சனி, மாலை 6:12

வரும். முதலில் மிரின் என்ன என்று தெரிந்துகொண்டால் மாற்றுக் கண்டுபிடிப்பது எளிது. பசையரிசி, கோஜி பூஞ்சை வளர்த்த அரிசி, ஷோச்சு எனப்படும் காய்ச்சிய சாராயம் மூன்றையும் சேர்த்து மாதக்கணக்கில் விட்டால், கோஜியின் நொதிகள் மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைக்கும். அதுதான் 'ஹோன்மிரின்', அசல் மிரின். ஆல்கஹால் 14 சதவீதத்தை ஒட்டியிருக்கும். அந்த இனிப்பில் பெரும்பங்கு குளுக்கோஸ், கூடவே நீளமான சர்க்கரைச் சங்கிலிகள். மிரினுக்கென்று சொல்லப்படும் மினுமினுப்புக்கு இவைதான் காரணம். தங்கை வாங்கியது 'மிரின் சுவைப்பொருள்' வகை, 1 சதவீதத்துக்குக் கீழே. அதில் ஏற்கெனவே சிரப் இருப்பதால் சர்க்கரையைக் கைவிட்டாலே போதும்.

மது அறவே வேண்டாம் என்றால்: சோயா சாஸ் 2 மேசைக்கரண்டி, தண்ணீர் 3, சர்க்கரை ஒன்றரை. இறக்கும்போது நாலு சொட்டு எலுமிச்சை. சாகே செய்கிற முக்கிய வேலை கவுச்சியை ஆவியோடு கொண்டுபோவது, அதை உப்புத் தூவித் துடைப்பது ஓரளவு ஈடுகட்டும். ஒன்றைச் சொல்லிவிட வேண்டும்: இயற்கையாகப் புளிக்கவைத்த சோயா சாஸிலேயே சிறிதளவு ஆல்கஹால் தானாக உண்டாகியிருக்கும். சிலவற்றில் கெடாமல் இருக்கத் தனியாகவும் சேர்ப்பார்கள். அது உங்களுக்கு முக்கியம் என்றால் லேபிளைப் படித்து வாங்குங்கள்.

மது பிரச்சினை இல்லை, மிரின் மட்டும்தான் கிடைக்கவில்லை என்பவர்கள் சாகே மூன்று பங்கு, சர்க்கரை ஒரு பங்கு கலந்துகொள்ளலாம்.

ஒசாகாவில்_ஒருவன் — சனி, மாலை 6:40

லேபிள் என்றதும் நினைவு வருகிறது. ஜப்பானிய சோயா சாஸிலும் வகை உண்டு. சாதாரணமாக எல்லோரும் வாங்குவது 'கோய்குச்சி'. 'உசுகுச்சி' நிறம் வெளுப்பு, ஆனால் உப்பு அதைவிடக் கூடுதல்: கோய்குச்சி 16 சதவீதம் அளவில் என்றால் உசுகுச்சி 18, 19க்குப் போகும். நிறம் லேசாக இருக்கிறதே, உப்பும் லேசு என்று நினைத்து வாங்கி நான் முதல் மாதம் முழுக்கத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தேன். கோதுமை ஒத்துக்கொள்ளாதவர்கள் கோதுமை சேர்க்காத 'தமாரி'யைத் தேடுங்கள். எல்லாத் தமாரியும் அப்படி இல்லை.

எட்டுமணிவண்டி — சனி, இரவு 8:02

நள்ளிரவுப்பசி, மீன் உறைந்ததா புதிதா? உறைந்தது என்றால் எப்படிக் கரையவிட்டீர்கள்?

நள்ளிரவுப்பசி — சனி, இரவு 8:15

உறைந்த கானாங்கெளுத்தியை இன்று மதியமே எடுத்துச் சமையலறை மேடையில் வைத்தேன். நாலைந்து மணி நேரம் ஆகிறது. இப்போது நன்றாக இளகிவிட்டது, இரவே மூன்றாம் முயற்சி!

எட்டுமணிவண்டி — சனி, இரவு 8:19

நிறுத்துங்கள். அந்த மீனைச் சமைக்காதீர்கள்.

இரண்டு வருடம் முன்னால் ஒரு உணவகத்தில் மதிய உணவுக்கு இதே மாதிரி பாகு பூசிய கானாங்கெளுத்தி சாப்பிட்டேன். நாக்கில் மிளகு கடித்த மாதிரி ஒரு சுரீர். காரம் போட்டிருக்கிறார்கள் என்று நினைத்தேன். அரை மணி நேரத்தில் முகம் சிவந்து, தலை வலித்து, நெஞ்சு படபடவென்று அடித்தது. மீன் ஒவ்வாமை வந்துவிட்டது, இனி வாழ்நாளில் மீனே கிடையாது என்று பயந்து மருத்துவரிடம் போனேன். அவர் சொன்னது வேறு: ஹிஸ்டமைன். கானாங்கெளுத்தி, சூரை, புரி மாதிரி மீன்களின் சதையில் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் அதிகம். மீனைச் சூட்டில் போட்டு வைத்தால் பாக்டீரியாக்கள் அதை ஹிஸ்டமைனாக மாற்றும். கெட்ட நாற்றம்கூட வந்திருக்காது. முக்கியமானது: சமைத்தாலும் அது அழியாது. எவ்வளவு வேகவைத்தாலும், எவ்வளவு பாகு ஊற்றினாலும் அப்படியே இருக்கும்.

முதல் நாள் இரவே ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்துக் கரையவிடுங்கள். 5 டிகிரிக்குக் கீழே இருக்க வேண்டும். அவசரமென்றால் காற்றுப் புகாத பையில் போட்டுக் குளிர்ந்த தண்ணீரில் அமிழ்த்தினால் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும்.

நள்ளிரவுப்பசி — சனி, இரவு 8:33

போட்டுவிட்டேன். குப்பைக்கூடைக்கு மூன்றாவது விருந்து. ஆனால் நன்றி, உண்மையாகவே இது எனக்குத் தெரியாது. நாளைக்குச் சால்மனை ஃப்ரிட்ஜுக்கு மாற்றிவிட்டேன்.

ஒரு சந்தேகம்: சால்மன் உள்ளே கொஞ்சம் பச்சையாக இருக்கலாம் என்கிறார்களே?

ஆய்வுக்கூடம் — சனி, இரவு 9:05

உணவகங்களில் 50 டிகிரி சுற்றிலும் நிறுத்துவார்கள், அப்போது சதை இதழ் இதழாகப் பிரியும், ஈரமும் இருக்கும். அமெரிக்க அரசின் பாதுகாப்பு அளவு நடுவில் 63 டிகிரி. ஒட்டுண்ணிப் புழுவுக்கு ஜப்பானிய சுகாதார அமைச்சகம் சொல்வது மைனஸ் 20 டிகிரியில் 24 மணி நேரம் உறையவைப்பது, அல்லது 60 டிகிரியில் ஒரு நிமிடமாவது வேகவைப்பது. தெரியாக்கியை முழுக்க வேகவைத்துத்தான் சாப்பிடுவார்கள். பாகு இருப்பதால் கொஞ்சம் கூட வெந்தாலும் வறண்டதாகத் தெரியாது. முதல் தடவைக்கு முழுக்க வேகவிடுங்கள், துணிச்சல் அப்புறம்.

சால்மன் பக்கவாட்டில் வெள்ளையாகத் தயிர்த்திவலை போல ஏதாவது வந்தால் பயப்படாதீர்கள். அது சதையிலிருந்து பிதுங்கி உறைந்த புரதம். நிறைய வந்தால் தீ அதிகம் என்று அர்த்தம்.

இலைமறை — ஞாயிறு, காலை 7:50

உப்புக்கல் அக்கா, ஊறவைப்பது எப்போதுமே தப்பா? ஜப்பானிய மீன் செய்முறை ஒன்றில் ஊறவைத்துச் சுட்ட நினைவு இருக்கிறது.

ஒசாகாவில்_ஒருவன் — ஞாயிறு, காலை 8:24

அக்காவுக்கு முன் நான் குதிக்கிறேன். நீங்கள் நினைப்பது 'யூவான்யாக்கி'யாக இருக்கும். சோயா, மிரின், சாகே கலவையில் யூசு என்ற எலுமிச்சை வகையை வட்டமாக நறுக்கிப் போட்டு, அதில் மீனை ஊறவைத்து, தணலில் சுடுவது. ஜப்பானின் எடோ காலத்துத் தேநீர்க் கலைஞர் கிதாமுரா யூவான் பெயரால் வந்தது என்பார்கள். அங்கே சர்க்கரை தனியாகப் போடுவதில்லை, தணலும் மீனைத் தொடாமல் தள்ளி இருக்கும். அதனால் ஊறிய மீன் தாங்கும். வாணலியின் அடி மீனை நேராகத் தொடுகிறது. ஊறவைத்துத்தான் ஆவேன் என்றால் துடைத்துவிட்டுத் தீயைப் பாதியாக்கிக்கொள்ளுங்கள். பளபளப்பு எதிர்பார்க்காதீர்கள், அது வேறு அழகு.

உப்புக்கல் — ஞாயிறு, காலை 9:00

அவ்வளவுதான். ஒரு சின்னச் சேர்க்கை, வாணலி பற்றி. நான்ஸ்டிக் இந்த வேலைக்கு நல்லது, வெறும் வாணலியாகப் புகையும்வரை காயவிடாதீர்கள். 260 டிகிரியைத் தாண்டினால் அந்தப் பூச்சு சிதையத் தொடங்கும். வார்ப்பிரும்பு வைத்திருப்பவர்கள் பாகு இன்னும் நீர்க்க இருக்கும்போதே அடுப்பை அணையுங்கள், பிடித்து வைத்த சூட்டிலேயே மீதி சுண்டும். ஸ்டீல் வாணலியில் மீன் ஒட்டினால் கிண்டிப் பெயர்க்காதீர்கள். சிவந்ததும் தானாக விடும்.

எட்டுமணிவண்டி — ஞாயிறு, காலை 9:40

நான் இதை இரவில் செய்து மறுநாள் டப்பாவில் கொண்டுபோகிறேன். ஜப்பானிய டப்பாச் சாப்பாடான பெந்தோவில் தெரியாக்கி அடிக்கடி வருவது சும்மா இல்லை, ஆறினாலும் ருசி குறையாது. மொறுமொறுப்பு மட்டும் போய்விடும். ஆவி அடங்கும்வரை மூடாதீர்கள், ஆறியதும் உடனே ஃப்ரிட்ஜுக்குள்.

நள்ளிரவுப்பசி — ஞாயிறு, இரவு 9:15

மூன்றாம் முயற்சி (கானாங்கெளுத்தியைக் கணக்கில் சேர்க்கவில்லை).

சாதாரண ஜப்பானிய சோயா சாஸ் வாங்கினேன். அதே சிரப் மிரின், சர்க்கரை பூஜ்ஜியம், தேன் பூஜ்ஜியம். உப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம். துடைத்த டவலை முகர்ந்து பார்த்தேன், அக்கா சொன்ன கவுச்சி அத்தனையும் அதில் இருந்தது. மாவு தூவித் தட்டினேன். தோல் பக்கம் முதலில் நான்கு நிமிடம். இடையில் தூக்கிப் பார்க்கக் கை பரபரத்தது, பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன்.

எண்ணெயைத் துடைக்கும்போது இவ்வளவு கொழுப்பா என்று ஆச்சரியம். சாற்றை ஊற்றியதும் வாணலி முழுக்க நுரை. அப்புறம் அந்தச் சத்தம் மாறியதே, அதைக் காதால் கேட்டேன்! சலசலப்பு அடங்கி, 'பொளக், பொளக்' என்று. உடனே அணைத்துவிட்டேன். கொஞ்சம் சீக்கிரம் அணைத்துவிட்டேனோ என்று பயம், தட்டில் வைத்து இரண்டு நிமிடத்தில் தானாக இறுகிவிட்டது. கண்ணாடி என்று சொல்ல மாட்டேன். ஆனால் சமையலறை விளக்கு அதில் தெரிந்தது.

குறை ஒன்று: ஓரங்களில் உப்பு கொஞ்சம் தூக்கல்.

உப்புக்கல் — ஞாயிறு, இரவு 9:31

முதலில் தூவிய உப்பைத் துடைக்கும்போது ஓரம் தப்பியிருக்கும். சோயா சாஸிலேயே ஒரு மேசைக்கரண்டிக்கு இரண்டரை கிராம் உப்பு இருக்கிறது, அதனால் தூவுவது ஒரு சிட்டிகைக்கு மேல் வேண்டாம். வாணலியை உடனே வெந்நீர் ஊற்றி ஊறவையுங்கள், நாளைக்கு என்று விட்டால் கல்லாகிவிடும்.

நள்ளிரவுப்பசி — ஞாயிறு, இரவு 9:36

ஊறவைக்க ஒன்றும் மிச்சமில்லை அக்கா. அறைத்தோழி வாணலியில் சோற்றைப் போட்டுப் பிரட்டி வழித்துத் தின்றுவிட்டாள். மீனைவிட அதுதான் நன்றாக இருந்தது என்கிறாள்.

குறைகூறி — ஞாயிறு, இரவு 9:40

அதில் ஒரு பல் பூண்டு நசுக்கிப் போட்டிருந்தால்...